கிணற்றோடு நிலம் வாங்கித் தண்ணீர் விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பூர்வீக வீட்டை விற்றதில் என் பங்காக 40 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 'இனி தங்கத்தைவிடத் தண்ணீர்தான் விலை ஏறும்' என்று யூடியூபில் பலரும் சொல்கிறார்கள். காங்கயம் பக்கம் போர்வெல்லோடு 2 ஏக்கர் விலைக்கு வருகிறது. 12,000 லிட்டர் லாரி ஒரு நாளைக்குப் பத்து லோடு போகும், போர் மேட்டிலேயே லோடுக்கு 300 ரூபாய் கிடைக்கும், மாதம் 90,000 நிச்சயம் என்கிறார் என் மச்சான். இது சரிப்படாவிட்டால் அமெரிக்காவில் தண்ணீர் ஃபியூச்சர்ஸ், தண்ணீர் ஃபண்டு எல்லாம் இருக்கிறதாமே, அதில் போடலாமா? இருபது வருடம் காத்திருக்கத் தயார்.

பதில்: முதலில் ஒன்று. அந்த நிலத்துக்கு இந்த வாரம் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். 'வேறு பார்ட்டி வருகிறார்கள்' என்று சொல்வார்கள். வரட்டும்.

மச்சான் போட்ட கணக்கில் கூட்டல், பெருக்கல் எல்லாம் சரிதான். மாதம் 90,000 என்றால் வருடத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். 40 லட்சத்துக்கு 27 சதவீதம். இவ்வளவு லாபத்தை ஒருவர் வலிய வந்து கொடுக்கும்போது, நிலத்துக்காரர் ஏன் அதைத் தானே வைத்துக்கொள்ளாமல் விற்கிறார் என்று கேட்க வேண்டும். அதற்கான பதில் பெரும்பாலும் நிலத்துக்கு அடியில் இருக்கும்.

இப்போது நான் ஒரு கணக்குப் போடுகிறேன். பத்து லோடு என்றால் நாளுக்கு 1,20,000 லிட்டர். வருடம் முழுக்க ஓட்டினால் 4 கோடியே 38 லட்சம் லிட்டர். காங்கயம் பக்கம் வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். 2 ஏக்கர் என்பது ஏறக்குறைய 8,100 சதுர மீட்டர். ஆக, உங்கள் நிலத்தின் மேல் வானம் ஒரு வருடத்தில் கொட்டுவது மொத்தமாகவே 49 லட்சம் லிட்டருக்குள்தான். ஒரு சொட்டு ஆவியாகாமல், ஒரு சொட்டு ஓடைக்குப் போகாமல் அத்தனையையும் பிடித்து வைத்தாலும் உங்கள் லாரிகளுக்கு 40 நாளுக்குத்தான் காணும். அதுவும் நடக்காது. கொங்கு மண்ணுக்கு அடியில் இருப்பது கடும்பாறை. இம்மாதிரிப் பாறைப் பகுதியில் பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினாலே நல்ல வருடம். அதாவது உங்கள் நிலம் சம்பாதிப்பது 5 லட்சம் லிட்டர், நீங்கள் செலவழிக்கத் திட்டமிடுவது 438 லட்சம் லிட்டர்.

மீதி எங்கிருந்து வரும்? பாறை இடுக்கு வழியாகப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும். கொஞ்ச காலம் வரத்தான் செய்யும், அதனால்தான் இந்தத் தொழில் ஓடுவது போலத் தெரிகிறது. அப்புறம் பக்கத்துக்காரர் 800 அடி போட்டால் நீங்கள் 1,000 அடி போட வேண்டும், அவர் 1,200-க்குப் போவார். இல்லையென்றால் அவர்கள் நாலு பேர் சேர்ந்து லாரியை மறிப்பார்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புக் கூட்டத்தில் மனு கொடுப்பார்கள். மனு கொடுக்கிறவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துப் பயன்படுத்தும் உரிமையை நிலத்துக்காரருக்குக் கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் 'என் நிலம், என் தண்ணீர்' என்று பலரும் பேசுகிறார்கள். ஆனால் வியாபாரத்துக்காக எடுப்பது வேறு கதை. தமிழ்நாட்டில் 2014-இல் வந்த அரசாணைப்படி வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுக்க நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் இதை வலியுறுத்தியபோது டேங்கர்காரர்கள் ஸ்டிரைக் செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். குறுவட்டம் (சில வருவாய் கிராமங்கள் சேர்ந்தது) குறுவட்டமாக நிலத்தடி நீரைக் கணக்கெடுத்துத் தரம் பிரித்திருக்கிறார்கள். ஊறும் நீரில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் பாதுகாப்பானது, 90 சதவீதத்தைத் தாண்டினால் அபாயகரமானது, ஊறுவதைவிட அதிகமாக எடுத்தால் அதிநுகர்வு. கடைசி இரண்டு வகைக் குறுவட்டங்களில் விற்பனைக்குச் சான்று கிடைக்கும் என்று எதிர்பார்த்து யாரும் பணம் போடக் கூடாது.

இன்னொரு விஷயம், மச்சான் இதைச் சொல்லியிருக்க மாட்டார். அந்த போரில் ஓடும் மோட்டார் எந்த மின் இணைப்பில் ஓடுகிறது? விவசாய இணைப்பு என்றால் அது இலவச மின்சாரம், பாசனத்துக்காக மட்டும் கொடுப்பது. அதில் தண்ணீர் இறைத்து லாரிக்கு விற்றால் முறைகேடு. அபராதம் போடுவார்கள், இணைப்பையும் துண்டிக்கலாம். வணிக இணைப்புக்கு மாற்றி, ஆயிரம் அடி ஆழத்திலிருந்து இறைக்கும் கரண்ட் பில்லைக் கட்டி, மோட்டார் ரிப்பேர், ஆள் கூலி எல்லாம் கழித்தால் அந்த 300 ரூபாயில் கையில் நிற்பது எவ்வளவு என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

சரி, காங்கயத்தை விடுவோம். 'தண்ணீர் விலை ஏறும்' என்ற அடிப்படை எண்ணமாவது சரியா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

தண்ணீர் அரிதாகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு பொருள் அரிதாவதும் அதை வைத்திருப்பவர் பணக்காரராவதும் ஒன்றல்ல. தங்கத்தைப் பூட்டி வைத்து, விலை ஏறியதும் ஊர் விட்டு ஊர் கொண்டுபோய் விற்கலாம். தண்ணீரின் கனமே அதற்கு எதிரி. ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன். பஞ்சம் உச்சத்துக்கு வரும்போது உங்கள் கிணறும் வற்றியிருக்கும், நல்ல மழை பெய்து கிணறு நிரம்பியிருக்கும்போது வாங்க ஆளிருக்காது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தார்கள். அப்போது டேங்கருக்குச் சொன்னதுதான் விலை. அதே சென்னைதான் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்தது. இந்த ஏற்ற இறக்கத்தை நம்பி மகளின் படிப்புச் செலவைத் திட்டமிட முடியாது.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த ஒருவர் உண்டு. டெக்சாஸின் எண்ணெய்க் கோடீஸ்வரர் பூன் பிக்கன்ஸ். எண்ணெய்க்கு அடுத்து தண்ணீர்தான் என்று முடிவு செய்து, டெக்சாஸின் வட மூலையில் ஓகல்லாலா நிலத்தடி நீர்ப்படுகைக்கு மேலுள்ள நிலங்களின் நீர் உரிமையை வாங்கிக் குவித்தார். இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேல். அங்கே சட்டமும் அவர் பக்கம், உன் நிலத்திலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் இறைத்துக்கொள் என்கிற சட்டம். தண்ணீர் தேவைப்படும் டாலஸ் நகரம் சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. குழாய் போட்டு விற்பதாகத் திட்டம். வருடக்கணக்காக அலைந்தும் எந்த நகரமும் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் 2011-இல் அந்த உரிமைகளை 10.3 கோடி டாலருக்கு அதே வட்டாரத்து நகரங்களின் பொது நீர் அமைப்பு ஒன்றிடம் விற்றுவிட்டு வெளியேறினார். பணமும் அரசியல் செல்வாக்கும் சாதகமான சட்டமும் இருந்த மனிதருக்கே வாங்க ஆள் கிடைக்க இத்தனை பாடு. நம்மிடம் இருப்பது 2 ஏக்கர்.

ஆனால் அமெரிக்கா வரை போக வேண்டியதே இல்லை. நீங்கள் இருக்கும் ஊரே இந்தப் பாடத்துக்கு நாட்டிலேயே பெரிய உதாரணம். உங்கள் கம்பெனியில் மூத்த டையிங் மேனேஜர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1990-களில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் லாரித் தண்ணீரில் ஓடின. சுற்று வட்டாரக் கிணறுகளையெல்லாம் இறைத்துக் கொண்டுவந்து கொட்டினார்கள். இந்த நிலைக்கு முடிவு கட்ட 1995-இல் அரசும் தனியாரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள், புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் என்று. பவானி ஆற்றிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு, 30 வருட ஒப்பந்தம். 2005-இல் தண்ணீர் வந்தது. பணம் போட்டவர்களின் கணக்கு இப்போது உங்கள் மச்சான் போடும் கணக்கேதான்: தாகத்தில் இருக்கும் தொழில், பக்கத்தில் வேறு நீர் இல்லை, எனவே வாங்கித்தான் ஆக வேண்டும்.

என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். சாயக் கழிவு நொய்யலில் போய், ஒரத்துப்பாளையம் அணை விவசாயத்துக்கு உதவாத நீரைத் தேக்கும் இடமானது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தண்ணீர் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் கூட்டம் ஒரே நாளில் காணாமல் போனது. மறுபடி திறந்தவர்கள் சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறைக்கு மாறினார்கள். ஆர்.ஓ. வைத்து, ஆவியாக்கி, பயன்படுத்திய நீரில் பெரும்பகுதியை மீட்டுத் திரும்பவும் சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். அப்படிச் செய்தால் புதுத் தண்ணீர் கொஞ்சம் போதும். தண்ணீர் கம்பெனி கடன் மறுசீரமைப்புக்குப் போக வேண்டியதாயிற்று. நகரத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு தீராதபோதே தண்ணீர் விற்ற கம்பெனி தள்ளாடியது. அதே சமயத்தில் நீரை வடிகட்டும் மெம்பரேன் விற்றவர்களுக்கும் சுத்திகரிப்பு நிலையம் கட்டியவர்களுக்கும் ஆர்டர் குவிந்தது.

அந்தப் பக்கம் அரசு என்ன செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீரை ஏற்றுகிறார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு நல்லது. பஞ்சத்தை நம்பித் தண்ணீர் விற்பவருக்கு அதுவே போட்டி. ஊருக்கு நல்லது நடந்தால் நஷ்டமாகும் முதலீடு ஒன்றை இருபது வருடம் கையில் வைத்திருக்க எனக்கு மனம் வராது, அது உங்கள் விருப்பம்.

இப்போது நீங்கள் கேட்ட அமெரிக்கத் தண்ணீர் ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னால் வரும் ஒரு தேதிக்கான விலையை இன்றே பேசி வைக்கும் ஒப்பந்தம். அது கலிஃபோர்னியா மாநிலத் தண்ணீருக்கானது. 2020 டிசம்பரில் சிகாகோ சந்தையில் தொடங்கியது. அதில் தண்ணீர் கைமாறுவதில்லை. அந்த மாநிலத்தில் நீர் உரிமைகள் விற்கும் விலையை வைத்து ஒரு குறியீட்டெண் இருக்கிறது, அதன் மேல் பணமாகத் தீர்க்கும் ஒப்பந்தம் இது. அங்கே பாதாம் தோட்டம் வைத்திருப்பவர் வறட்சி வருடத்து விலையிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவும் ஏற்பாடு. வர்த்தகமும் மிகக் குறைவு. உங்களுக்கு இதில் யோசிக்கவே தேவையில்லை, ஏனென்றால் நாம் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வழி செய்யும் ரிசர்வ் வங்கியின் தாராள அனுப்புதல் திட்டத்தில், வெளிநாட்டுச் சந்தைக்கு மார்ஜின் பணம் (இந்த ஒப்பந்தங்களுக்குக் கட்டும் பிணைத் தொகை) அனுப்ப அனுமதியே கிடையாது. யாராவது 'நாங்கள் வழி செய்கிறோம்' என்றால் போனை வையுங்கள்.

ஃபண்டு விஷயம் கொஞ்சம் பேச வேண்டியது. அமெரிக்கத் தண்ணீர் ஈ.டி.எஃப்.களின் (பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டுகள்) பட்டியலைத் திறந்து பார்த்தால் உள்ளே சைலம், ஈகோலாப், அமெரிக்கன் வாட்டர் வொர்க்ஸ் மாதிரியான பெயர்கள் இருக்கும். ஒன்று பம்பும் மீட்டரும் செய்கிறது, ஒன்று ஆலைகளுக்கு நீர் சுத்திகரிப்பு ரசாயனம் விற்கிறது, மூன்றாவது குழாய்த் தண்ணீர் விநியோகிக்கிறது, அதன் கட்டணத்தை மாநில ஆணையங்கள் நிர்ணயிக்கின்றன. ஆற்றையோ ஏரியையோ யாரும் உங்களுக்கு விற்கவில்லை. தண்ணீரைத் தள்ளுகிற, அளக்கிற, சுத்தம் செய்கிற தொழில்களில் பங்கு விற்கிறார்கள். என் பார்வையில் அதுதான் சரியான வழியும்கூட. நீர்மட்டம் கீழே போகப் போகக் கோவைக்காரர் பெரிய பம்பு விற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் இங்கேயும் 'தண்ணீர்' என்ற பெயர் மட்டும் லாபம் தராது. காட்டுப்பள்ளியில் 2010-இல் சென்னையின் முதல் பெரிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையைக் கட்டிய கூட்டணியில் இருந்த ஐ.வி.ஆர்.சி.எல். 2018-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஆலை தேவைப்படாமல் போகவில்லை, கம்பெனியின் கடன் சுமை தாங்கவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நீர் சுத்திகரிப்புக் கம்பெனி வாபாக் 2010-இல் சந்தைக்கு வந்தது. 2020 மார்ச்சில் அதன் பங்கு 100 ரூபாய்க்கும் கீழே போனது, 2024-இல் ஆயிரத்தைத் தாண்டியது. இடைப்பட்ட வருடங்களில் மனம் தளராமல் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். இவர்களுக்கெல்லாம் வாடிக்கையாளர் பெரும்பாலும் அரசும் மாநகராட்சியும்தான். ஆர்டர் வரும், வேலை முடியும், பணம் நிதானமாக வரும். எனவே இந்தத் துறைப் பங்கை வாங்குமுன் கையில் எவ்வளவு ஆர்டர் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற இரண்டு வரிகளை முதலில் படியுங்கள். இங்கிலாந்தின் தேம்ஸ் வாட்டர் 1989-இல் தனியார்மயமானபோது கடனே இல்லாமல் தொடங்கியது. லண்டனுக்கே தண்ணீர் கொடுக்கும் ஏகபோகம். கடன் மேல் கடன் வாங்கி, 1,500 கோடி பவுண்டுக்கு மேல் ஏற்றிக்கொண்டதில், அதில் பணம் போட்டிருந்த கனடாவின் ஓய்வூதிய நிதி ஒன்று 2024-இல் தன் பங்கின் மதிப்பைப் பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டது.

உங்கள் 40 லட்சத்துக்கு வருகிறேன். மகள் இரண்டு, மூன்று வருடத்தில் கல்லூரிக்குப் போவாள். அதற்கு 12 லட்சம் வங்கி டெபாசிட்டில் ஒதுங்கட்டும், அதைத் தொடக் கூடாது. ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக. பனியன் தொழிலில் ஆர்டர் எப்போது நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவக் காப்பீடு கம்பெனியுடையது மட்டும் என்றால் சொந்தமாக ஒன்று எடுங்கள். மீதியை ஒன்றரை வருடத்தில் மாதாமாதம் பிரித்து ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டு) போடுங்கள். இருபது வருடம் காத்திருக்கத் தயார் என்கிற உங்கள் பொறுமைக்கு அதுதான் ஏற்ற இடம். தண்ணீர் மேல் ஆசை விடவில்லை என்றால் 2 லட்சம், அதிகம் போனால் 3 லட்சம் அந்தத் துறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஃபண்டு என்றால் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். இந்தச் சிறு தொகைக்கு அந்தத் தலைவலி தேவையா என்றும் பாருங்கள்.

உங்கள் வீட்டு மொட்டை மாடி 1,000 சதுர அடி என்றால் வருட மழையில் 55,000 லிட்டர் விழும், அந்த லாரியில் நாலரை லோடு. தொட்டி கட்டிப் பிடியுங்கள். இது முதலீடு இல்லை, ஆனால் வேலை செய்யும்.

2008 அமெரிக்க வீட்டுக் கடன் சரிவை முன்கூட்டியே கணித்த முதலீட்டாளர் மைக்கேல் பர்ரி தண்ணீரில் பணம் போடுகிறார் என்பதையும் அந்த வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். அவர் பிறகு சொன்னதை யாரும் சொல்வதில்லை. தண்ணீர் நிறைய இருக்கும் இடத்தில் உணவை விளைவித்து, இல்லாத இடத்துக்கு அனுப்புவதுதான் தண்ணீரில் முதலீடு செய்யும் வழி என்றார். காங்கயத்து எண்ணெய் ஆலைகளிலிருந்து தேங்காய் எண்ணெயாக வெளியூர் போவதும் ஒரு வகையில் தண்ணீர்தான். ஆனால் 600 மில்லிமீட்டர் மழையூர், அவர் சொன்ன முதல் பாதிக்குப் பொருந்தாது.

இதற்கெல்லாம் பிறகும் நிலம் வேண்டும் என்று தோன்றினால், அது நிலத்தின் மேல் உள்ள ஆசை, அதில் தவறில்லை. விவசாய நிலத்தின் விலையை மட்டும் கொடுத்து வாங்குங்கள், தண்ணீருக்கென்று கூடுதலாக ஒரு ரூபாய் வேண்டாம். சிறு விவசாயி என்ற சான்று கிடைத்தால் சொட்டுநீருக்கு நூறு சதவீத மானியம் உண்டு. வில்லங்கச் சான்றோடு மூலப் பத்திரத்தையும் படியுங்கள். கொங்குப் பக்கத்தில் ஒரே கிணறு பல பேருக்குப் பங்காக இருப்பதுண்டு, 'கிணற்றில் நாலில் ஒரு பங்கு' என்று எழுதியிருந்தால் முறை வைத்துத்தான் இறைக்க முடியும். நீரின் உப்பைச் சோதியுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை, அதற்கு மேல் ஆகாது. நொய்யலுக்கு அருகில் என்றால் இந்தச் சோதனை இல்லாமல் பேச்சே வேண்டாம். போர் எவ்வளவு ஊறுகிறது என்பதை மே மாதத்தில், எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். கார்த்திகையில் காட்டும் போர் எல்லாமே நன்றாகத்தான் ஊறும்.

மச்சானிடம் எடுத்ததும் மறுப்புச் சொல்ல வேண்டாம். 'சார் இரண்டு காகிதம் கேட்கிறார்' என்று சொல்லுங்கள்: அந்த போருக்கு வணிகப் பயன்பாட்டுக்கான நீர்வளத் துறைச் சான்று, வணிக மின் இணைப்பின் கடைசிப் பில். இரண்டும் வந்தால் எனக்கு அனுப்புங்கள், மேற்கொண்டு பேசுவோம்.